இருநூற்றுப் பன்னிரண்டு ஷட்டர்கள்

"மறைவு தேதி?" என்று கேட்டார் அச்சகக்காரர்.

"நாளைக்குத் தேதி போடுங்க," என்றான் இசக்கியப்பன்.

அச்சகக்காரர் கணினியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிப்பதில் அவருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். நேற்றுச் செத்தவருக்கு அடித்திருக்கிறார், அன்று காலையில் செத்தவருக்கு அடித்திருக்கிறார். நாளைக்குச் சாகப்போகிறவருக்கு வந்த முதல் ஆர்டர் இதுதான்.

"டாக்டருங்க கையை விரிச்சிட்டாங்களா?"

"ஆமா. காலையில ஏழு மணிக்குன்னு சொல்லிட்டாங்க."

"இப்பல்லாம் கரெக்டா சொல்லிடுறாங்க," என்று அவர் மெச்சிக்கொண்டே தட்டினார். "பட்டம் என்ன போடலாம்? ஏழைகளின் தோழன்?"

"வேண்டாம்."

"கொடை வள்ளல்?"

"பொருளாதார நிபுணர்னு மட்டும் போடுங்க."

"சாவு வீட்டுல இவ்வளவு கஞ்சத்தனம் பண்ணக் கூடாதுங்க. சரி, கீழே இவண் யாரு?"

"தாழிக்குளம் கடைவீதி வியாபாரிகள்."

அச்சகக்காரரின் விரல்கள் நின்றன. "அந்த ஊர்தான் இல்லையே."

"போஸ்டர்ல இருந்தாப் போதும்."

சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருந்தவர் டாக்டர் ஞானசிகாமணி. வயது எழுபத்துநான்கு. மாநிலத்தை அறுபத்தொரு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அரசு, தனி வரி, தனி கஜானா என்று ஆக்கிய பிறகு, அந்த அரசுகளில் எது தன் காலில் நிற்கும், எது விழும் என்று அளக்க முறை வகுத்துக் கொடுத்தவர். அந்த அளவுக்குப் பெயர் தாங்கு எண். நூற்றுக்குப் போடுவார்கள். நாற்பத்தைந்துக்குக் கீழே வந்தால் அந்த அரசைக் கலைத்துவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து எடுத்தாலே பாஸ் போடும் நாட்டில், அரசுகளுக்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பு.

தாழிக்குளம் மண்டலம் பத்து வருடத்துக்கு முன்பு பதின்மூன்று எடுத்தது. அதற்கு முந்தைய வருடம் அறுபத்திரண்டு எடுத்த ஊர். இடையில் வெள்ளம் இல்லை, வறட்சி இல்லை, யாரும் கஜானாவைத் தூக்கிக்கொண்டு ஓடவும் இல்லை. ஒரு கிழவி செத்தாள், அவ்வளவுதான்.

சுவரொட்டிக் கட்டைத் தூக்கிக்கொண்டு இசக்கியப்பன் வெளியே வந்து தாங்கு ஆணையத்தின் வேனில் ஏறினான். அவனுக்கு வயது முப்பத்தொன்று. அதே ஆணையத்தில் இரண்டாம் நிலை அளவர். வேலைக்கு விண்ணப்பித்தபோது சொந்த மண்டலம் என்ற கட்டத்தில் தாழிக்குளம் என்ற பெயரே இல்லை. கடைசியில் இருந்த 'பிற' என்பதைத் தொட்டு உள்ளே வந்தவன். உள்ளே வந்த காரணத்தை எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை.

வேனில் ரெஹானா இருந்தாள். ஆணையத்தின் பறக்கும் கண்ணை இயக்குகிறவள். வருடத்தில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், அந்தக் கண் ஒரு ஊருக்கு மேலே போய் நின்று காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை எண்ணும். எந்த ஊரை எந்த நாளில் எண்ணுவது என்று முடிவு செய்வது அளவர்.

அவள் சுவரொட்டியை ஒன்று உருவிப் பார்த்தாள். "சார் உயிரோட இருக்காரே."

"நாளைக்கு சாயங்காலம் மறுபடியும் இருப்பார்."

"நாளைக்கு நமக்குப் புதுமானூர். அவர் குடியிருக்கிற ஊர்." அவள் கட்டை எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு செலவு பண்ணி ஒருத்தரைக் கொல்லுறதுக்கு என்ன காரணம்னு நான் கேக்கலாமா, கேக்கக் கூடாதா?"

"ஷட்டருக்கு எத்தனை மார்க்?"

"நூத்துக்கு அம்பது. அது தெரியாதா எனக்கு? கணக்குப் புத்தகத்தை நம்ப முடியலைன்னுதானே ஷட்டரை எண்ண ஆரம்பிச்சாங்க. ஒரு மண்டலம் வாங்கின கடனை அன்பளிப்புன்னு எழுதி வரவுல காட்டுச்சாமே. இன்னொண்ணு கட்டாத பாலத்துக்கு டோல் வசூல் காட்டுச்சாம். அதான் சார் யோசிச்சிருக்கார். கடைவீதி திறந்திருந்தா வியாபாரம் இருக்கு, வியாபாரம் இருந்தா வரி இருக்கு, வரி இருந்தா அரசாங்கம் இருக்கு."

"எங்க ஊர்ல மாடத்தின்னு ஒரு அம்மா. கடைவீதிக்குத் தண்ணி ஊத்துறவ. நாப்பது வருஷம், கடை கடையா ஒரு குடம். அவ செத்த அன்னைக்கு மொத்த வீதியும் அடைச்சாங்க. பாடை போற வரைக்கும் இல்ல, நாள் முழுக்க. எங்க ஊர் வழக்கம் அது. நம்ம கண் அன்னைக்குன்னு பார்த்து மேல வந்து நின்னுச்சு."

"எத்தனை கடை?"

"இருநூத்திப் பன்னிரண்டு. திறந்திருந்தது மூணு. சாராயக்கடை, ஏடிஎம், அப்புறம் வெளியூர்க்காரர் செல்போன் கடை. எங்கப்பா பித்தளைப் பாத்திரக் கடை. கல்யாணப் பார்ட்டி ஒண்ணு அண்டா கேட்டு நின்னதுனால ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கீழ குனிஞ்சு வித்துக்கிட்டு இருந்தாரு."

"விதி பதினாலு," என்றாள் ரெஹானா. "பாதி இறங்கிய ஷட்டர் அடைத்ததாகவே கொள்ளப்படும்."

"ஆமா. அதையும் சேர்த்துத்தான் இருநூத்தி ஒன்பது அடைப்பு."

மீதியை அவன் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அது நடந்துதான் இருந்தது. அரசைக் கலைத்ததும் முதலில் ஆஸ்பத்திரிப் பலகையைக் கழற்றினார்கள், பிறகு தண்ணீர், பிறகு பஸ். ஆட்கள் பெட்டி கட்டினார்கள். அப்பா சண்முகக்கனி மட்டும் அண்டாவுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு ஆள் வரும் என்றார். வந்தது நெஞ்சுவலி. இசக்கியப்பன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். "மன்னிக்கவும், நீங்கள் சொன்ன இடம் பட்டியலில் இல்லை, அருகிலுள்ள இடத்தைச் சொல்லவும்," என்று ஒரு குரல் இனிமையாகச் சொன்னது. அருகிலுள்ள இடத்தைச் சொன்னான். ஆம்புலன்ஸ் அங்கே சரியான நேரத்துக்கு வந்து நின்றது. அது பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. லோடு ஆட்டோவில் வைத்து ஓட்டினான். அப்பா ஒன்பதாவது கிலோமீட்டரிலேயே இறங்கிக்கொண்டார்.

"அப்பீல் பண்ணலையா?" என்றாள் ரெஹானா.

"மூணு தடவை. கலைச்ச பத்து வருஷத்துக்குள்ள, முறையை வகுத்தவரே 'இந்த அளவுல பிழை இருக்கு'ன்னு கையெழுத்துப் போட்டா ஊரைத் திருப்பித் தரலாம்னு விதி இருக்கு. மூணு தடவையும் ஒரே பதில். தனிநபர் ஒருவரின் மரணத்துக்காகக் கடைவீதி முழுவதும் நாள் முழுதும் அடைக்கப்படும் என்பது நம்பத்தகுந்ததல்ல. அப்படியொரு வழக்கம் இருப்பதற்குச் சான்று இல்லை."

"பத்து வருஷம் எப்ப முடியுது?"

"இன்னும் இருபத்தாறு நாள். முந்நூத்தி நாப்பது பேர் இன்னும் அங்கதான் இருக்காங்க. இருபத்தேழாவது நாள் கரண்டையும் வெட்டிருவாங்க."

ரெஹானா சுவரொட்டியைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு சட்டென்று வரும். "புதுமானூர் தொண்ணூத்தொண்ணு. ஷட்டர் அத்தனையும் இறங்கினா நாப்பத்தொண்ணு. ஃபெயில்."

"அவர் முறைப்படியே."

"இல்லைன்னா, சாவுக்கு ஷட்டர் இறங்கும்னு அவர் ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா உங்க ஊர் பாஸ்." அவள் சுவரொட்டியை மடித்து வைத்தாள். "நான் எதையும் பார்க்கல சார். ஆனா பிறந்த வருஷத்தைச் சரி பாருங்க, தப்பா இருக்குற மாதிரி தெரியுது."

அவன் பார்க்கவில்லை. பத்து வருடக் கோபத்தில் ஒரு வருடம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று விட்டுவிட்டான்.

மறுநாள் விடிகிற வேளையில் புதுமானூர்க் கடைவீதியின் ஒவ்வொரு தூணிலும் டாக்டர் ஞானசிகாமணி மறைந்திருந்தார். எட்டரை மணிக்குக் கண், கீழேயிருந்து பார்த்தால் தெரியாத உயரத்தில் ஏறி நின்றது. இசக்கியப்பன் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அறுநூற்றுப் பதினான்கு ஷட்டர்கள் இறங்குகிற சத்தத்துக்குக் காத்திருந்தான். பத்து வருடமாகக் கேட்க ஆசைப்பட்ட சங்கீதம்.

எட்டே முக்காலுக்கு ஹார்டுவேர்ஸ் கடைக்காரர் லோகநாதன் வந்து சுவரொட்டி முன்னால் நின்றார். வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். பக்கத்துக் காய்கறிக் கடைக்காரரும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"யாருங்க இது?"

"நம்பர் போடுற டாக்டருய்யா. மூணாவது கிராஸ்ல இருக்காரே."

"அட, தக்காளியை ஒவ்வொண்ணா தட்டிப் பார்ப்பாரே, அவரா? நேத்துகூட தட்டினாரே."

"மனுஷன் உயிரு இவ்வளவுதான்."

இருவரும் மரியாதையாகக் கால் நிமிடம் நின்றார்கள். இசக்கியப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"கடையை அடைக்கணுமாங்க?" என்றார் காய்கறிக்காரர்.

"அடைச்சா சங்கத்துக்கு மூவாயிரம் ஃபைன் கட்டணும், ஞாபகம் இருக்கா? கண்ணு என்னைக்கு வரும்னு எவனுக்குத் தெரியும். போன வருஷம் எங்கப்பா செத்தப்பவே நான் அடைக்கலையேய்யா. பில் போட்டுக்கிட்டேதான் அழுதேன். அழுறதைப் பார்த்து கஸ்டமர் ரெண்டு பேர் திரும்பிப் போயிட்டாங்கன்னு நம்ம சங்கத்துலயே கம்ப்ளைண்ட் வந்துச்சு."

"அப்போ பாடி?"

"எல்லாப் பாடியும் போற வழிதான். பின்பக்க ரோடு. வேன்ல வச்சு நாப்பது ஸ்பீடுல போயிட்டா முன்பக்கம் யாருக்கும் தெரியப்போறதில்ல."

அவர்கள் அவரவர் கடைக்குத் திரும்பிப்போனார்கள். சுவரொட்டி பார்க்க நின்ற கூட்டம் டீ குடித்தது, பஜ்ஜி சாப்பிட்டது. பூக்கடையில் ஒருத்தி மாலை விலையைப் பத்து ரூபாய் ஏற்றினாள். வழக்கமாக ஒன்பதரைக்குத் திறக்கிற கடைகள்கூட, கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒன்பதுக்கே ஷட்டரைத் தூக்கின.

அவன் கைப்பேசி அடித்தது. தாழிக்குளத்திலிருந்து துரைப்பழம் அண்ணாச்சி. அந்த ஊரில் இன்னும் திறந்திருக்கிற பலசரக்குக் கடை அவருடையது. ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லோரும் கடைச் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு எண்ணெய் டின் நிறையச் சாவி வைத்திருந்தார்.

"என்ன தம்பி, எறங்கிச்சா?"

"ஒண்ணுகூட இறங்கல அண்ணாச்சி."

மறுமுனையில் தராசில் எடைக்கல் வைக்கிற சத்தம் கேட்டது.

"அந்த மனுசன் யாருக்கும் ஒரு வாய் தண்ணி ஊத்தலைன்னு தெரியுது," என்றார் துரைப்பழம். "சரி, சாப்பிட்டியாலே?"

பத்து மணிக்கு, கையில் மஞ்சள் துணிப்பையோடு, காலமானவரே நடந்து வந்தார்.

முதல் தூணில் நின்று மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறந்த வருடத்தின் கடைசி எண்ணை அடித்துச் சரியான எண்ணை எழுதினார். பிறகுதான் நிமிர்ந்து வீதியைப் பார்த்தார். வலப்பக்கம் கடைசி வரை பார்த்தார், இடப்பக்கம் கடைசி வரை பார்த்தார். உதடுகள் அசைந்தன. எண்ணுகிறார் என்று இசக்கியப்பனுக்குப் புரிந்தது. எண்ணுவது அவருக்குப் பழக்கம்.

எண்ணி முடித்துவிட்டு, கழுத்தில் ஆணையத்தின் அட்டை தொங்குகிற ஒரே ஆளிடம் நேராக வந்து, எதிரே உட்கார்ந்தார்.

"தாழிக்குளமா?"

"ஆமா சார். இசக்கியப்பன்."

"மூணு மனுவும் உங்க எழுத்துதானா? தம்பி, இது எத்தனை வருஷ ஜெயில்னு தெரியுமா?"

"கம்ப்ளைண்ட்ல நஷ்டம்னு ஒரு காலம் இருக்கும் சார். அதுல என்ன எழுதுவீங்க? ஒரு கடையும் அடைக்கலையே."

டாக்டர் சிரித்தார். நிஜமாகவே சந்தோஷப்பட்ட சிரிப்பு. "அதைத்தான் நானும் பார்த்தேன். நான் மூணு தடவை எழுதினேன், நீங்க நம்பல. ஒரு மனுஷன் சாவுக்குக் கடைவீதி அடைக்காது. நீங்களே பரிசோதனை பண்ணி நிரூபிச்சிட்டீங்க. ரொம்ப நன்றி." டீக்கடைக்காரரைப் பார்த்து விரலைத் தூக்கினார். "சக்கரை இல்லாம ஒண்ணு."

டீக்கடைக்காரர் கிளாஸை வைக்கும்போது அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "சார், அந்தப் போஸ்டர்ல இருக்கிறவர் மாதிரியே இருக்கீங்க. தம்பிங்களா?"

டாக்டர் ஒரு நொடி யோசித்தார். "ஆமா. தம்பிதான்."

"வருத்தமா இருக்கு சார். வடை சூடா இருக்கு, வைக்கட்டுங்களா?"

டாக்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். இசக்கியப்பன் அவருடைய கண்ணைப் பார்த்தான். அந்தச் சந்தோஷத்தில் எங்கேயோ ஒரு சின்னக் கீறல் விழுந்திருந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"சார், இன்னைக்கு அளவு நாள். கண் மேலதான் நிக்குது. அளவு நாள்ல ஊருக்குள்ள விசேஷமா ஏதாச்சும் நடந்தா அளவர் குறிப்பு எழுதணும். உங்க விதிதான். இருபத்தேழு."

"எழுதுங்க."

"எழுதிட்டேன். படிக்கட்டுமா?" அவன் பலகைக் கணினியைத் திருப்பி வைத்தான். "இன்று காலை டாக்டர் ஞானசிகாமணி அவர்கள் மறைந்துவிட்டதாகச் செய்தி பரவியது. மொத்தக் கடைகள் அறுநூற்றுப் பதினான்கு. அடைக்கப்பட்டவை பூஜ்யம். வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகத் திறக்கப்பட்டவை நாற்பத்துமூன்று."

டாக்டர் டீயைக் குடிக்கவில்லை.

"சாயங்காலம் இது எல்லா மண்டலத்துக்கும் போகும். ஆண்டறிக்கையில அச்சாகும். அச்சானப்புறம் அதை அழிக்க முடியாதுன்னும் ஒரு விதி வச்சிருக்கீங்க. உங்க முறையைப் படிக்கிற பிள்ளைங்க எல்லாரும் இதையும் படிப்பாங்க."

"பக்கத்துல இன்னொண்ணு எழுதணும் நீங்க," என்றார் டாக்டர். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "அடைச்சா ஃபைன். சங்கத்து விதி. அவங்க பயத்துல அடைக்கல. மனசுக்குள்ள மரியாதை இல்லைன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? நான் இந்த ஊருக்குத் தொண்ணூத்தொண்ணு போட்டவன். ஒன்பது மண்டலம் பென்ஷன் கொடுக்க வக்கில்லாம நின்னுச்சு, தெரியுமா? கிழவன் கிழவியெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல படுத்துக் கிடந்தாங்க. அது மறுபடி நடக்கக் கூடாதுன்னுதான் நான் இதைச் செஞ்சேன். ஒரு ஷட்டரை வச்சு ஊர்க்காரன் மனசுல என்ன இருக்குன்னு சொல்ல முடியுமா? திறந்திருக்கு, மூடியிருக்கு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஏன் திறந்திருக்கு, ஏன் மூடியிருக்குன்னு அதுக்குத் தெரியவே..."

அங்கே நிறுத்திக்கொண்டார். படித்தவர் என்பதால், தான் சொல்வது கொஞ்சம் முன்னதாகவே அவர் காதில் விழுந்துவிட்டது.

இசக்கியப்பன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். நான்கு மடிப்பிலும் கிழிந்து, டேப் ஒட்டி, பத்து வருடம் அவனோடு ஊர் சுற்றிய பிழை ஒப்புதல் படிவம்.

"இப்பச் சொன்னீங்கள்ல சார். அதை இதுல எழுதிக் கொடுங்க."

"எழுதினா?"

"குறிப்பு இருக்காது."

டாக்டர் வீதியைப் பார்த்தார். காய்கறிக் கடையில் யாரோ தக்காளியைத் தட்டிப் பார்க்காமலே எடைபோட்டு வாங்கிப் போனார்கள். எதிர்த் தூணில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார், பிறந்த வருடம் இன்னும் தப்பாக. ஒரு ஆடு அந்தச் சுவரொட்டியின் கீழ் ஓரத்தை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

"அந்த அம்மாவுக்கு எத்தனை கடைன்னு மனுவுல எழுதியிருந்தீங்க?"

"இருநூத்தி ஒன்பது."

"யாரும் சொல்லி அடைக்கலையே? சங்கம், கட்சி, ஏதாச்சும்?"

"எங்க ஊர்ல சங்கமே கிடையாது சார்."

அவர் பேனாவை எடுத்தார். *ஷட்டரின் நிலையைக் கொண்டு கடைவீதியின் உண்மை நிலையை அறிய முடியாது. தாழிக்குளம் மண்டலத்தின் அளவில் பிழை உண்டு.* தன் பெயரைக் காப்பாற்றுவதற்காகத் தன் முறையை வெட்டுகிறோம் என்று தெரிந்தே எழுதினார். தேதி போடும்போது மட்டும், சுவரொட்டியில் இருந்த மறைவு தேதியும் அதுதான் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பேனா சற்று நின்றது.

இசக்கியப்பன் குறிப்பை அழித்தான். வாக்கு என்றால் வாக்கு. எழுந்து வேனுக்குப் போகும்போது, பத்து வருடமாக நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டதா என்று தனக்குள் பார்த்துக்கொண்டான். இறங்கவில்லை. ஊர் கிடைத்துவிட்டது, சரி. ஆனால் அந்த ஆள் வீட்டுக்குப் போய், மத்தியானம் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கத்தானே போகிறார்.

ஆணையம் இரண்டு வாரத்தில் ஷட்டருக்கான ஐம்பது மதிப்பெண்ணை எடுத்துவிட்டது. தாழிக்குளம் மண்டலத்தை மறு அளவு வரை தற்காலிகமாக உயிர்ப்பித்தது. இசக்கியப்பனைச் சுவரொட்டி ஒட்டியதற்காக நிரந்தரமாகவே வேலைநீக்கம் செய்தது. டாக்டர் கொடுத்த புகாரில் ஒரே ஒரு வரிதான் இருந்தது என்று ரெஹானா சொன்னாள். பிறந்த வருடம் தவறு.

உயிர்த்தெழுந்த மண்டல அரசில் அவனுக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. தண்ணீர் வந்தது. பஸ் ஒன்று வந்தது. ஆம்புலன்ஸ் பட்டியலில் ஊர்ப்பெயர் வந்ததும், சரிபார்க்க ஒருமுறை போன் போட்டான். "தாழிக்குளம், சரி. என்ன அவசரம்?" என்றது குரல். "ஒண்ணுமில்ல, சும்மா," என்று வைத்துவிட்டான். பதினேழு கடைகள் திறந்தன. மற்றச் சாவிகள் எண்ணெய் டின்னில் இருந்தன.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் ரெஹானா கூப்பிட்டாள்.

"இசக்கி சார், ஞானசிகாமணி சார் போயிட்டார். இந்தத் தடவை நிஜமா."

"யார் சொன்னா?"

"போஸ்டர் எதுவும் ஒட்டல. அதனாலதான் நம்பினேன். பத்து மணிக்கு எடுக்கிறாங்களாம், பின்பக்க ரோட்டுல." அவள் நிறுத்தினாள். "அப்புறம், உங்க ஊர் மறு அளவு இந்த மாசம், ஒரே ஒரு தடவை எண்ணுறதுதான். உங்க இடத்துல இப்ப நான்தான் அளவர், நாள் என் கையில. கண்ணை வேன்ல ஏத்தி வச்சிருக்கேன், உங்க எல்லையிலதான் நிக்கிறேன்."

"இன்னைக்கே விடு."

"ஷட்டருக்கு இப்ப மார்க் கிடையாது, தெரியும்ல? மென்பொருள் மாத்துற டெண்டர் முடியாததுனால கண்ணு எண்ணும். ஆனா கூட்டாது."

"எண்ணினாப் போதும்."

துரைப்பழம் அண்ணாச்சி செய்தியைக் கேட்டதும் தராசைத் துடைத்து வைத்துவிட்டு, ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்தார்.

"என்ன செய்யுதிய அண்ணாச்சி?"

"அடைக்கணும்லா. செத்தது எவனா இருந்தாலும் அடைக்கது நம்ம வழக்கம்."

"அப்படி ஒரு வழக்கமே கிடையாதுன்னு அவரே எழுதியிருக்காரு. மூணு தடவை. கையெழுத்துப் போட்டு."

துரைப்பழம் கொக்கியைப் பிடித்தபடி யோசித்தார். மாடத்தி வைக்கும் குடத்தின் ஈர வட்டம் பதிந்து பதிந்து குழிந்துபோன சிமெண்டுத் தரை அவர் காலடியில் இருந்தது.

"அதுவும் சரிதான்," என்றார். "செத்தவரு பேச்சைத் தட்டக் கூடாது."

எண்ணெய் டின்னைத் தூக்கித் தெருவில் கவிழ்த்தார்.

அதன்பிறகு நடந்ததை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஆள் ஆளுக்குக் கைநிறையச் சாவியை அள்ளிக்கொண்டு போனார்கள். பூட்டுகளில் தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். பத்து வருடம் ஏறாத ஷட்டர்கள் ஊளையிட்டுக்கொண்டு ஏறின. உள்ளே சரக்கு எதுவும் இல்லை. சில கடைகளில் பழைய காலண்டர், சில கடைகளில் எலி. ஒரு ஜவுளிக் கடையில் தலையில்லாத பொம்மை மட்டும் தூசியோடு நின்று வீதியைப் பார்த்தது. விற்க ஒன்றுமில்லாத கடை வாசல்களில் ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ரொம்பச் சிரத்தையாகத் திறந்திருந்தார்கள்.

இசக்கியப்பன் அப்பாவின் கடைக்குப் போனான். கதவு எண் எண்பத்தெட்டு. அந்தச் சாவி டின்னில் இல்லை, அவன் அரைஞாணில் இருந்தது. பூட்டு சுலபமாகத் திறந்தது. ஷட்டரைத் தூக்கினான். இடுப்பு உயரம் வரை வந்து, ஒரு முனகலோடு நின்றுவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினான். எண்ணெய் ஊற்றினான். சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினான். ஏறவில்லை. சரி என்று இறக்கப் பார்த்தான். அதுவும் இறங்கவில்லை.

குனிந்து உள்ளே பார்த்தான். அப்பா விற்காத அண்டா ஒன்று நடுவில் கவிழ்ந்து கிடந்தது.

பத்து மணி ஆனது. கண் தலைக்கு மேலே வந்து நின்றது. நூறு கிலோமீட்டர் தள்ளிப் புதுமானூரில், ஒரு வேன் பின்பக்க ரோட்டில் நாற்பது ஸ்பீடில் போய்க்கொண்டிருக்கும்.

கைப்பேசி அடித்தது.

"எண்ணிட்டேன் சார்," என்றாள் ரெஹானா. "மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு. திறந்திருக்கிறது இருநூத்திப் பதினொண்ணு."

"மீதி?"

"ஒண்ணு அடைப்பு. கதவு எண் எண்பத்தெட்டு. பாதி இறங்கியிருக்கு."

"அது துரு, ரெஹானா. மேல ஏறல."

"கண்ணுக்குத் துரு தெரியாதே சார். விதி பதினாலு." காற்றில் அவள் குரல் விட்டுவிட்டு வந்தது. "புதுமானூர்ல இன்னைக்கு யாரும் அடைக்கல, விசாரிச்சிட்டேன். ஆக மொத்தம், அவருக்கு மாநிலம் முழுக்க ஒரே ஒரு கடை அடைச்சிருக்கு."

"பத்து நிமிஷம் பொறு. இன்னொரு சுத்தியல் கொண்டுவரச் சொல்லுறேன்."

"இன்னும் ஒரு மணிநேரம்கூடப் பொறுக்கிறேன் சார்."

இசக்கியப்பன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஷட்டரின் அடிவிளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான்.